சட்டம் சொல்லும் வீட்டில் சட்டம்

காலை ஒன்பது மணிக்கு மதுரையிலிருந்து மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடை நோக்கிச் செல்லும் பேருந்துகளில் வெள்ளைச் சட்டை அணிந்து, கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் ஏந்தி, வழக்குக் கட்டுகளைச் சுமந்து நிற்கும் இளைஞரையும் இளம் பெண்களையும் காணலாம். 2004ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் யானைமலைக்கு அருகே உலகனேரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. அதன் பின்னர் தென் மாவட்டத்து இளம் வக்கீல்களுக்குச் சென்னைக்கு ஓடவேண்டிய கட்டாயம் குறைந்தது. உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி, மேலூர் ஆகிய பகுதிகளிலிருந்து வரும் இவர்களுள் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். வீட்டின் முதல் வக்கீல்களும் அவர்களே.

இத்தகைய குடும்பங்களின் பெற்றோர் இப்போது ஒரு புதிய கேள்வியை எழுப்புகின்றனர். "மகள் சட்டம் முடித்துவிட்டாள். உள்ளூரிலே ஒரு சீனியரிடம் சேர்ப்பதா? அல்லது மும்பை, பெங்களூர் என்று பெரிய வக்கீல் நிறுவனத்துக்கு அனுப்புவதா? வெள்ளைக்காரர் நிறுவனங்களும் வரப்போகின்றனவாமே, அங்கே மரியாதையாக நடத்துவார்களாமே?" என்கின்றனர். பயமும் ஆசையும் கலந்த கேள்வி இது. இதற்கு விடை காணுமுன், அந்த நிறுவனங்கள் எத்தகையவை, அவை இந்நாட்டில் எவ்வளவு தூரம் நுழைந்துள்ளன என்பதை அறிந்துகொள்வது நலம்.

நமக்குப் பழக்கமான வக்கீல் அலுவலகம் என்பது ஒரு சீனியர், நான்கைந்து ஜூனியர்கள், ஒரு குமாஸ்தா, சுவரை மறைக்கும் சட்டப் புத்தகங்கள், திண்ணையில் காத்திருக்கும் கட்சிக்காரர் ஆகியவை சேர்ந்தது. லண்டனிலோ நியூயார்க்கிலோ தலைமை கொண்ட பன்னாட்டு நிறுவனம் வேறு வகை. அங்கே ஆயிரக்கணக்கான வக்கீல்கள் இருபது முப்பது நாடுகளில் இருந்து பணிபுரிவர். நீதிமன்றப் படி ஏறாமலே ஓய்வு பெறுபவரும் அவர்களுள் உண்டு. ஒப்பந்தம் எழுதுவதும், நிறுவனங்களை இணைப்பதும், அரசு விதிகளுக்கு விளக்கம் கூறுவதுமே அவர்களுடைய அன்றாட வேலை.

அந்த வேலைக்குக் கூலி கணக்கிடும் முறை விசித்திரமானது. ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பகுத்து, ஆறு நிமிடத்துக்கு ஒரு பங்கு என்று எழுதி வைப்பர். தொலைபேசியில் ஆறு நிமிடம் பேசினால் அதற்கு ஒரு கட்டணம். இவ்வாறு கட்சிக்காரர் கணக்கில் எழுதத்தக்க நேரம் ஆண்டுக்கு 1,900 அல்லது 2,000 மணி இருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பெரு நிறுவனங்களில் பரவலான எதிர்பார்ப்பு. ஆண்டுக்கு ஐம்பது வாரம் என்று கொண்டாலும் வாரத்துக்கு நாற்பது மணி. இது எழுதத்தக்க நேரம் மட்டுமே. உணவு, படிப்பு, கூட்டம், கோப்பு தேடுதல் ஆகியவற்றுக்குச் செல்லும் நேரத்தை எந்தக் கட்சிக்காரர் தலையில் கட்டுவது? ஆகவே நாற்பது மணி எழுத, அறுபது மணி அமர்ந்திருக்க வேண்டியதாகிறது. ஞாயிறு திருப்பலிக்கு நேரம் கிடைப்பதும் அரிதாகலாம்.

இந்நிறுவனங்கள் நம் நாட்டில் கால் பதிக்க முயன்ற கதை நீண்டது. 1990களில் மூன்று வெளிநாட்டு நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்று இங்கே தொடர்பு அலுவலகம் அமைத்தன. அது தவறு என்று வழக்குத் தொடரப்பட்டு, பம்பாய் உயர் நீதிமன்றம் 2009 டிசம்பரில் தீர்ப்புக் கூறியது. நீதிமன்றத்தில் வாதிடுவது மட்டும் வக்கீல் தொழில் ஆகாது. ஆலோசனை கூறுவதும் பத்திரம் எழுதுவதும் அதனுள் அடங்கும். எனவே இந்நாட்டில் பதிவு பெறாதவர் அவற்றைச் செய்யலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். நம் சென்னை உயர் நீதிமன்றத்திலும் ஏ. கே. பாலாஜி என்ற வழக்கறிஞர் வழக்குத் தொடர்ந்தார். முப்பதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டு நிறுவனங்கள் அதில் எதிர்மனுதாரர்கள். 2012 பிப்ரவரி 21ஆம் நாள் வந்த தீர்ப்பு ஓர் இடைவழியைக் காட்டியது: அவர்கள் இங்கே கடை விரிக்க இயலாது, ஆனால் தங்கள் நாட்டுச் சட்டம் பற்றிக் கட்சிக்காரருக்கு அறிவுரை கூற விமானத்தில் வந்து, கூறிவிட்டு, விமானத்தில் திரும்பலாம். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 13ஆம் நாள் இதைத் திருத்தியமைத்து, எப்போதோ ஒருமுறை வருவது வேறு, அடிக்கடி வருவதும் தொழில் செய்வதே என்று வரையறுத்தது. இறுதியில், கதவை அடைத்து வைத்திருந்த இந்திய பார் கவுன்சிலே 2023 மார்ச்சில் விதிகள் இயற்றி, 2025 மே மாதத்தில் அவற்றைத் திருத்தி, கதவைப் பாதி திறந்தது. பதிவு செய்துகொண்ட வெளிநாட்டு வக்கீல் தம் நாட்டுச் சட்டத்திலும் பன்னாட்டுச் சட்டத்திலும் ஆலோசனை கூறலாம். நம் நீதிமன்றங்களில் நின்று வாதிடலாகாது. அவர் நாடும் நம்மவருக்கு இதே உரிமையை வழங்க வேண்டும். ஒத்தக்கடைப் பேருந்தில் நிற்கும் ஜூனியருக்கு இவர்களால் உடனடிப் போட்டி ஏதும் இல்லை என்பது இதனால் விளங்கும்.

போட்டியைக் காட்டிலும் அவர்களுடைய பழக்கங்களே நாம் கவனிக்கத்தக்கவை. அவற்றுள் முதன்மையானது, கட்சிக்காரருக்கு அனுப்பும் சுற்றறிக்கை. புதிய சட்டம் ஒன்று அரசிதழில் வெளிவந்தால் அன்றிரவோ மறுநாளோ நான்கு பக்கத்தில் ஒரு குறிப்பு வெளியாகும். என்ன மாறியது, என்றிலிருந்து மாறியது, யாரைப் பாதிக்கும், எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன தண்டனை என்பனவெல்லாம் அதில் இருக்கும். நம் நாட்டுப் பெரு நிறுவனங்களும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டுள்ளன. இதில் சிறிது சாமர்த்தியமும் இல்லாமல் இல்லை. இந்திய வக்கீல் தம்மை விளம்பரம் செய்துகொள்ளலாகாது என்பது பார் கவுன்சிலின் 36ஆம் விதி. வக்கீல்களுக்கு ஆள் பிடித்துத் தரும் இணையதளங்களின் மீது நடவடிக்கை எடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையிலும் கண்டிப்பாகக் கூறிற்று. விளம்பரம் செய்ய வழியற்றவருக்குத் தம் அறிவை உலகறியச் செய்ய இந்தச் சுற்றறிக்கை ஒரு நேர்மையான வழி. அந்த மட்டில் அதைக் குறை கூறுவதற்கில்லை.

இத்தகைய குறிப்பு கிடைக்காமல் திண்டாடுவது எப்படிப்பட்டது என்பது நம் நிறுவனங்களுக்கு நன்றாகவே தெரியும். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. நன்கொடை அனைத்தும் புதுடில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கும் கணக்குக்கே வரவேண்டும் என்று ஆயிற்று. நிருவாகச் செலவுக்கு 50 விழுக்காடு என்றிருந்த உச்சவரம்பு 20 விழுக்காடாயிற்று. ஒரு சங்கம் தான் பெற்ற நன்கொடையை மற்றொரு சங்கத்துக்குப் பகிர்ந்தளிப்பதும் தடைபட்டது. அந்தத் திருத்தம் செப்டம்பர் 29ஆம் நாளே நடைமுறைக்கு வந்தது. பெரிய கம்பெனியின் மேசைக்கு அதன் விளக்கம் உடனே வந்து சேரும். கிராமத்தில் ஏழைப் பெண்பிள்ளைகளின் விடுதியையோ தொழுநோயாளர் மருந்தகத்தையோ நடத்தும் கன்னியர்க்கு யார் எழுதுவார்? ஆங்கில அறிவிப்பை எடுத்துக்கொண்டு ஆடிட்டர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அப்படியே. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. மாணவரின் பெயர், பிறந்த தேதி, புகைப்படம் ஆகியவற்றைக் கணினியில் வைத்திருக்கும் நம் பள்ளிகளைத் தொடும் சட்டம் அது. தமிழில் அதன் சாரத்தைக் கையில் வைத்திருக்கும் தலைமையாசிரியர் எத்தனை பேர்?

இவ்விடத்தில் நம்மவர் ஒருவரை நினைவுகூராமல் செல்ல மனம் வரவில்லை. திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, மாயூரத்தில் முன்சீப்பாக விளங்கிய வேதநாயகம் பிள்ளையைத் தமிழின் முதல் நாவலாசிரியர் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அவர் செய்த மற்றொரு தொண்டை அறிந்தோர் சிலரே. 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் ஆங்கிலத்தில் வழங்கிய தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரால் 1862ஆம் ஆண்டு அவர் வெளியிட்டார். சென்னை உயர் நீதிமன்றம் தோன்றிய ஆண்டும் அதுவே. ஆங்கிலம் அறியாத வக்கீலும் கட்சிக்காரரும் தங்கள் தலைவிதியை நிர்ணயிக்கும் தீர்ப்புகளைத் தங்கள் மொழியில் படிக்கவேண்டும் என்பதே அவர் நோக்கம். பின்னர் 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்திலும், தமிழர் நடுவே தமிழ் நாட்டு நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதாடும் வக்கீல்களை அவர் எள்ளி நகையாடினார். இன்று லண்டன் நிறுவனங்கள் பெருமையுடன் அனுப்பும் சுற்றறிக்கைக்கு, அரசாங்க உத்தியோகத்தின் நடுவே, மாயூரத்து முன்சீப் நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே முன்மாதிரி வைத்துவிட்டார். பணம் கொடுக்கும் கட்சிக்காரருக்காக மட்டும் அவர் அதை எழுதவில்லை என்பதுதான் வேறுபாடு.

சரி, சுற்றறிக்கையை எழுதுவது யார்? அதன் அடியில் பங்குதாரரின் பெயர் இருக்கும். அரசிதழை இரவில் விழித்திருந்து படித்துச் சுருக்கி எழுதியவர் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு ஜூனியராக இருப்பார். 2025 நவம்பர் 21ஆம் நாள் 29 தொழிலாளர் சட்டங்களை ஒன்றுசேர்த்த நான்கு சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பணியாளர் அனைவருக்கும் நியமனக் கடிதம் வேண்டும், குறைந்தபட்ச ஊதியம் அனைவருக்கும் உரியது என்றெல்லாம் அவை கூறுகின்றன. ஊரார் கடைப்பிடிக்க வேண்டிய இந்த விதிகளை விளக்கி எழுதும் ஜூனியருக்கு அவற்றுள் எது பொருந்தும் என்று கேட்டால், விடை தலைசுற்ற வைக்கும்.

வக்கீலாகப் பதிவு பெற்றவர் எவரிடமும் முழுநேரச் சம்பள ஊழியராக இருத்தல் கூடாது என்பது பார் கவுன்சிலின் 49ஆம் விதி. தொழிலின் சுதந்திரம் காக்க எழுந்த நல்ல விதி அது. ஆனால் விளைவு வேறு விதமாயிற்று. பெரு நிறுவனங்களில் பணிபுரியும் இளம் வக்கீல் பெரும்பாலும் ஏட்டளவில் ஊழியர் அல்லர், ஆலோசகர். ஊழியர் அல்லாதவருக்கு வருங்கால வைப்பு நிதி இல்லை, பணிக்கொடை இல்லை, சட்டப்படியான 26 வார மகப்பேறு விடுப்பும் இல்லை. நிறுவனம் மனமிரங்கித் தருவதுதான் உண்டு.

நீதிமன்றங்களும் இதில் முன்னும் பின்னுமாக நடந்திருக்கின்றன. சாலிசிட்டர் அலுவலகம் தொழில் தகராறுச் சட்டத்தின் பொருளில் 'தொழில்' ஆகாது என்று 1962இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அது பம்பாய் அலுவலகம் ஒன்றின் பணியாளர் கோரிய வழக்கு. பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் நீதியரசர் கிருஷ்ணய்யரும் உடனிருந்தோரும் 1978இல் அந்தத் தீர்ப்பை மாற்றினர். 1984இல் மறுபடியும், கேரளத்து வக்கீல் அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த வழக்கில், வக்கீலின் அலுவலகம் கடைகள் சட்டத்தின் கீழ் வணிக நிறுவனம் அன்று என்று முடிவாயிற்று. வழக்குத் தொடுத்தவர் ஜூனியர்கூட அல்லர், குமாஸ்தா. ஊரார் வழக்குகளைக் கட்டி அடுக்கியவரின் சொந்த வழக்கு அவ்வாறு முடிந்தது.

பெண்களின் நிலை இன்னும் கவலை தருவது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் சட்டம் கட்டளையிடுகிறது. பத்துக்குக் குறைந்த இடங்களுக்கு மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு உண்டு. ஆனால் 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம், பார் கவுன்சிலுக்கும் வக்கீல்களுக்கும் இடையே முதலாளி–ஊழியர் உறவு இல்லாமையால் சக வக்கீல் மீது பெண் வக்கீல் கூறும் புகாருக்கு அச்சட்டத்தின்படி பார் கவுன்சில் குழு அமைக்க வேண்டியதில்லை என்றும், தொழில் ஒழுக்கக்கேடு என்ற வகையில் முறையிடலாம் என்றும் தீர்த்தது. பன்னாட்டு நிறுவனங்களில் நிலைமை பொன்னாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. சர்வதேச வழக்கறிஞர் சங்கம் 2019இல் வெளியிட்ட ஆய்வில் 135 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 7,000 பேர் விடையளித்தனர். பெண்களில் மூவரில் ஒருவர் பாலியல் தொல்லைக்கு உட்பட்டதாகவும், இருவரில் ஒருவர் பணியிடத்தில் மிரட்டி நடத்தப்பட்டதாகவும் கூறினர். மிரட்டப்பட்ட ஆண்களும் மூவரில் ஒருவர். சலவைக்கல் பதித்த மாளிகையில் அமர்ந்து பிறருக்குச் சட்டம் எழுதித் தருகிறவர்களின் வாக்குமூலம் இது! சட்ட வல்லுநர் பிறர்மீது சுமத்தும் சுமையைப் பற்றி நம் ஆண்டவர் லூக்கா நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தில் கண்டித்ததை வாசிக்குந்தோறும் இந்த எண்ணிக்கைகள் நினைவுக்கு வருகின்றன.

ஆயினும் பன்னாட்டு நிறுவனத்திடம் ஒரு நன்மை உண்டு: அங்கே எல்லாம் எழுத்தில் இருக்கும். ஊதியம் எவ்வளவு, விடுப்பு எத்தனை நாள், புகார் யாரிடம் என்பது சேரும் நாளிலேயே கையில் கிடைக்கும். நம் ஊர் அலுவலகத்தில் ஒரு துண்டுத் தாளும் கிடையாது. பாசமாக நடத்தும் சீனியர் உண்டு. தம் வீட்டிலேயே சோறிட்டு, கோட்டுத் துணி எடுத்துக் கொடுத்து, முதல் வழக்கைத் தாமே தேடித் தந்து, தம் பிள்ளைபோல் வளர்த்துவிட்ட சீனியர்களால் மதுரை வழக்கறிஞர் உலகம் பெருமை பெற்றது. மூன்றாண்டு கட்டுகளைத் தூக்க வைத்து, பேருந்துக் கட்டணத்துக்கு மேல் ஒரு காசும் கொடாத சீனியரும் உண்டு. எவர் கையில் அகப்படுவது என்பது ஜூனியரின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வக்கீல் அப்பாவுக்குப் பிறந்த பிள்ளை தாக்குப்பிடிக்கும். உசிலம்பட்டிப் புஞ்சையில் பருத்தி எடுத்துப் படிக்கவைத்த தாயின் மகள் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பாள்? அறை வாடகையும் சாப்பாடும் கிராமத்திலிருந்தே வரவேண்டும் என்றால், அவள் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வேலை தேடுவாள். நீதிமன்றத்துக்கு ஏழையின் குரலை அறிந்த வக்கீல் ஒருவர் குறைந்துபோவார்.

இந்தக் கவலையைச் சென்னை உயர் நீதிமன்றமே உணர்ந்தது. 2024 ஜூன் மாதத்தில் நீதியரசர்கள் எஸ். எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் ஆகியோர், இளம் வக்கீல்களுக்கு மாதந்தோறும் குறைந்தபட்ச உதவித்தொகை கொடுக்கும்படி சுற்றறிக்கை அனுப்புமாறு தமிழ்நாடு – புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டனர். சென்னை, மதுரை, கோவை நகரங்களில் 20,000 ரூபாய், ஏனைய ஊர்களில் 15,000 ரூபாய், ஆண் பெண் வேறுபாடு கூடாது என்று வகுக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகர்ப்புறத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000 என்று நாடு முழுமைக்கும் பரிந்துரைத்தது. பரிந்துரை என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பணவசதி குறைந்த சீனியர்களுக்கு அதில் விலக்கும் உண்டு; மாவட்ட நீதிமன்றத்தில் தாமே தடுமாறுகிற சீனியர் 20,000 எங்கிருந்து கொடுப்பார் என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு. தொகை கிடைக்காத ஜூனியர் பார் கவுன்சிலிடம் முறையிடலாம். யார்மீது முறையிடுவது? தொழில் கற்றுத் தருகிற சீனியர்மீது. முறையிட்ட மறுநாள் காலையில் அதே அறையில், அதே மேசையில் அமர்ந்து அவருடைய கட்டுகளை அடுக்க வேண்டும்.

1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் கூலி பற்றி எழுதிய சுற்றுமடலை மறவாத திருச்சபை, இதைப் பஞ்சாலைத் தொழிலாளிக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கிவிட இயலாது. நம் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் வக்கீல்களுக்குக் கட்சிக்காரர்களே. நிலம், பள்ளி, ஊழியர் வழக்கு என்று ஆண்டுதோறும் வக்காலத்தில் கையெழுத்திடுகிறோம். பெற்றோர் கேட்ட கேள்விக்கு விடை நம் கையிலும் ஒரு பங்கு இருக்கிறது. மகளை எங்கே சேர்த்தாலும், சேருமுன் மூன்று செய்திகளை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்: மாதத்தொகை எவ்வளவு, விடுமுறை எப்போது, தொல்லை நேர்ந்தால் யாரிடம் கூறுவது. மும்பை நிறுவனமானாலும் மேலமாசி வீதி அலுவலகமானாலும் இதைக் கேட்பதில் வெட்கமில்லை. கேட்டதற்காக முகம் சுளிக்கும் இடத்தில் சேராதிருப்பதே நன்று என்பது என் எண்ணம்.

கட்சிக்காரராகிய நாமும் வக்கீலிடம் இரண்டைக் கேட்கலாம். ஆண்டுக் கட்டணம் பேசும்போதே, நம் பள்ளியையும் விடுதியையும் மருந்தகத்தையும் தொடும் புதிய சட்டம் எது வந்தாலும் ஒரு பக்க அளவில் தமிழில் எழுதித் தருமாறு கேட்கலாம். அதை எழுதப்போவது ஜூனியர்தான். தமிழில் எழுதப் பழகுவது அவருக்கும் பயிற்சி. வக்கீலின் கட்டணத்துடன் குமாஸ்தா பணம் என்று தனியே கொடுப்பது நம்மிடையே பழைய வழக்கம். அதற்கு எவரும் முணுமுணுத்ததில்லை. அந்தச் சீட்டிலேயே ஜூனியர் பணம் என்று இன்னொரு வரியையும் எழுதி, அது உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அடுத்த வாய்தாவன்று அவரிடமே விசாரிக்கலாம்.